ஒன்றரைப் பென்ஸ் வெள்ளிக்காசு: புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு

நாணயக் கண்காட்சிக்குப் போனால் பழைய வெள்ளிச் சில்லறை கிடக்கும் தட்டைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காசு அகப்படலாம். ஒரு பக்கம் ராஜாவின் தலையோ ராணியின் தலையோ இருக்கும். மறுபக்கம் கிரீடம், அதன் கீழே ஒன்றரைப் பென்ஸைக் குறிக்கும் 1½ என்ற எண், எண்ணுக்குக் கீழே ஆண்டு, சுற்றிலும் இலைவளையம். எந்த ஊருக்கான காசு என்று எங்கும் எழுதியிருக்காது. ஒரு வியாபாரி அதை இங்கிலாந்துக் காசு என்பார், பக்கத்துக் கடைக்காரர் சிலோன் காசு என்பார். இரண்டும் சரிதான். அடித்தது லண்டனில், அரச நாணயச் சாலையில். ஆனால் லண்டனில் செலவழிக்க அடித்ததில்லை. இலங்கை, ஜமைக்கா போன்ற காலனிகளுக்குக் கப்பலில் ஏற்றவே அடித்தார்கள்.

காலனிக் காசு சேர்க்க ஆசைப்படுகிறவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். புழக்கத்துக்கென அடித்த ஆண்டுகள் மொத்தம் 12தான்: 1834 முதல் 1843 வரை விடாமல் பத்து ஆண்டு, அப்புறம் 1860, 1862. தேய்ந்த காசாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் சாதாரண ஆண்டுகளுக்குப் பெரிய விலை கிடையாது. பொறுமை இருந்தால் முழு வரிசையும் கைக்கு வரும். அதோடு, இலங்கையின் கணக்குப் பேரேட்டில் இந்தக் காசு எங்கே உட்கார்ந்தது என்று தெரிந்துவிட்டால், தமிழ் வாசகருக்கு அது வேற்று நாட்டுக் காசாகத் தோன்றாது.

படி 1: எண்ணையும் ஆண்டையும் பாருங்கள்

கையில் எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் காசு தரையில் விழுந்து உருண்டால் தேடி எடுப்பது பெரும்பாடு.

முதல் சோதனை எண். அதே காலத்தில் பிரிட்டனில் 'மாண்டி' காசுகள் என்று வெள்ளியில் 1, 2, 3, 4 பென்ஸ் அடித்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று மன்னர் ஏழை முதியவர்களுக்குத் தானமாகக் கொடுப்பதற்கான காசுகள் அவை. அவற்றிலும் கிரீடம், எண், இலைவளையம் எல்லாம் உண்டு. தேய்ந்துபோன ஒன்றரைப் பென்ஸில் அரை என்ற பின்னம் மங்கிவிட்டால் ஒரு பென்ஸ் மாண்டி காசு என்றே தோன்றும்.

ஆனால் ஆண்டு இருக்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். மாண்டி காசில் எண்ணுக்கு இடப்பக்கம் 18, வலப்பக்கம் மிச்ச இரண்டு இலக்கம் என்று ஆண்டு பிரிந்து நிற்கும். ஒன்றரைப் பென்ஸில் ஆண்டு முழுதாக எண்ணுக்குக் கீழே ஒரே வரியில் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதலாம் எலிசபெத் காலத்தில், 1561 முதல் 1582 வரை, இங்கிலாந்திலேயே வெள்ளியில் ஒன்றரைப் பென்ஸ் அடித்தார்கள். அது மெல்லிய தகடு, ராணியின் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜா இருக்கும். நாம் பேசுவது அதுவல்ல.

படி 2: தலையைப் படியுங்கள்

வலப்பக்கம் பார்த்த ஆண் தலை என்றால் நான்காம் வில்லியம், 1834 முதல் 1837 வரை. இடப்பக்கம் பார்த்த இளம்பெண் தலை என்றால் விக்டோரியா, 1838 முதல். வில்லியம் 1837 ஜூனில் இறந்துவிட்டார். விக்டோரியாவின் தலை அடுத்த ஆண்டுக் காசில்தான் வந்தது.

புதியவர்கள் இங்கே ஒரு இடத்தில் குழம்புவார்கள். வில்லியம் என்ற பெயரைத் தேடுவார்கள், அது கிடைக்காது. சுற்றெழுத்து லத்தீனில் இருக்கிறது. லத்தீனில் வில்லியம் 'குலியெல்முஸ்' ஆகிவிடுவதால் ஆங்கில 'ஜி' எழுத்தில் தொடங்கும், பின்னால் நான்கு கோடுகள் வரும். விக்டோரியா லத்தீனிலும் விக்டோரியாதான். அரசருக்கு 'ரெக்ஸ்', அரசிக்கு 'ரெஜினா'. தலை முழுக்கத் தேய்ந்திருந்தாலும் சுற்றெழுத்தில் ஓரிரு எழுத்து தப்பியிருந்தால் போதும், யாருடைய காசு என்று சொல்லிவிடலாம்.

விக்டோரியாவின் இளம் தலையைச் செதுக்கியவர் வில்லியம் வையன். நல்ல நிலையில் உள்ள ஒரு காசை லென்ஸில் வைத்து, பின்னி முடிந்த கூந்தலையும் அதைச் சுற்றிய நாடாவையும் பாருங்கள். இவ்வளவு சிறிய பரப்பில் இந்த வேலையா என்று வியப்பாக இருக்கும்.

படி 3: எடை போடுங்கள்

இதை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டு தசமம் காட்டும் சின்ன மின்னணுத் தராசு போதும்.

1816இல் பிரிட்டனில் வெள்ளிக்காசுக்குப் புதிய அளவு வைத்தார்கள். ஒரு டிராய் பவுண்டு ஸ்டெர்லிங் வெள்ளியிலிருந்து 66 ஷில்லிங் அடிக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. டிராய் பவுண்டு சுமார் 373.24 கிராம். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆகவே 66 ஷில்லிங் என்பது 792 பென்ஸ். வகுத்துப் பார்த்தால் ஒரு பென்ஸுக்கு 0.47 கிராம் வருகிறது. ஒன்றரைப் பென்ஸுக்கு 0.71 கிராம்.

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வெள்ளிச் சில்லறை முழுவதையும் எடையாலேயே பிரித்துவிடலாம். 0.47 வந்தால் ஒரு பென்ஸ், 0.94 இரண்டு, 1.41 மூன்று, 1.88 நான்கு. தேய்ந்த காசில் கொஞ்சம் குறைவது இயல்பு. ஒன்றரைப் பென்ஸ் 0.65 காட்டினால் பயப்பட வேண்டாம், கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கிறது. ஆனால் தேய்வே இல்லாத பளபளப்பான காசு 0.60 காட்டினாலோ 0.80 காட்டினாலோ கீழே வைத்துவிடுங்கள். காந்தத்தில் ஒட்டினாலும் அப்படியே. விளிம்பும் வழவழப்பாக இருக்க வேண்டும், வரிவரியாக வெட்டு இருக்கக் கூடாது.

சரி, வெள்ளிக்கு எவ்வளவு தேறும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு காசில் இருக்கும் தூய வெள்ளி முக்கால் கிராமுக்கும் குறைவு. உருக்க நினைப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

படி 4: ஏன் ஒன்றரை என்று புரிந்துகொள்ளுங்கள்

காசு வாங்க இந்தப் படி தேவையில்லை. ஆனால் இது தெரியாமல் வாங்கினால் கையில் இருப்பது வெறும் வெள்ளித் துண்டுதான்.

1796இல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயர் பிடித்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்தது ரிக்ஸ்டாலர் கணக்கு. ஒரு ரிக்ஸ்டாலருக்கு 48 ஸ்டைவர், அல்லது 12 பணம். இந்தப் 'பணம்' நம்முடையதேதான். ஐரோப்பியர் 'ஃபணம்' என்று எழுதிக்கொண்டார்கள். சென்னை மாகாணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திரப் பகோடா என்ற பொற்காசு என்று கணக்கு ஓடியது. இலங்கையில் அதே பெயர், வேறு மதிப்பு.

1825இல் பிரிட்டிஷ் அரசு காலனிகளிலெல்லாம் தன் சொந்த வெள்ளிக்காசே புழங்க வேண்டும் என்று முடிவெடுத்தது. இலங்கையில் ஒரு ரிக்ஸ்டாலருக்கு ஒன்றரை ஷில்லிங் என்று விலை வைத்தார்கள். ஒன்றரை ஷில்லிங் என்றால் 18 பென்ஸ். அதைப் 12 பணத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு பணம் சரியாக ஒன்றரைப் பென்ஸ்! சந்தையில் ஒரு பணத்துக்குத் தேங்காய் விற்றவர் புதிய கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. பழைய பணம் லண்டன் காசாக உருமாறி அவர் கைக்கு வந்துவிட்டது.

இனி ஜமைக்காவைப் பாருங்கள். அங்கே பல தலைமுறையாக ஓடியது ஸ்பானிய வெள்ளி: டாலர், அதில் எட்டில் ஒன்றான ரியால், ரியாலில் கால்பங்கு. 1825இன் ஆணை ஸ்பானிய டாலருக்கு 4 ஷில்லிங் 4 பென்ஸ் என்று விலை வைத்தது. அது வெள்ளியின் உண்மை மதிப்பைவிடக் கூடுதல். அதனால் பிரிட்டிஷ் காசு அங்கே தங்கவில்லை, டாலரே நின்றது. 1838இல்தான் 4 ஷில்லிங் 2 பென்ஸ் என்று திருத்தினார்கள். 1840 முடிந்ததும் ஜமைக்காவில் ஸ்பானிய வெள்ளி செல்லாது என்று சட்டமும் வந்தது. ரியாலுக்கு ஆறு பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் கால் ரியால் என்ன? மறுபடியும் ஒன்றரைப் பென்ஸ். அந்த ஊர் மக்கள் இதைக் 'குவாட்டி' என்று அழைத்தார்கள்.

ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு தீவுகள், இரண்டு பழைய கணக்குகள். இரண்டிலும் ஒரே இடைவெளி, அதை ஒரே காசு அடைத்தது. ஊர்ப் பெயரை ஏன் பொறிக்கவில்லை என்பதும் இங்கே விளங்கிவிடும். பெயர் இல்லாத காசை எந்தத் துறைமுகத்துக்கும் அனுப்பலாம்.

காலத்தையும் கவனியுங்கள். 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் ஜமைக்காவில் விடுதலை முழுதாகக் கிடைக்கவில்லை. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் பழைய எஜமானர்களுக்கே சம்பளமில்லாமல் உழைக்க வைத்தார்கள். 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான் அதுவும் முடிந்தது. அதுவரை கூலி என்பதே இல்லாமல் உழைத்தவர்களுக்கு இனிக் கூலி கொடுத்தாக வேண்டும். கூலி வாங்கியவர்கள் சந்தைக்குப் போவார்கள். சின்னக் காசு இல்லாமல் இது எதுவும் நடக்காது. கோயில் காணிக்கைக்குச் செம்புக்காசு போடுவது தகாது என்று விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கருதினார்கள். வெள்ளியில் மிகச் சிறியது இந்த ஒன்றரைப் பென்ஸ்தான். தேவாலயத் தட்டில் அதைப் போட்டார்கள், 'கிறிஸ்தவக் குவாட்டி' என்றே அதற்குப் பெயர் வந்தது. சேகரிப்பவராக எனக்கு இந்தக் காசின் வரலாற்றில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். நேற்றுவரை தாமே விலைபேசி விற்கப்பட்டவர்கள், தம் உழைப்பில் வந்த வெள்ளியைத்தான் கடவுளுக்குக் கொடுப்போம் என்று நின்றார்கள்.

இலங்கையிலும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கூலிப் பணத்தின் தேவை கூடியது. ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1830களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் அரசு அனுப்பிய கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி ஒழித்தார்கள். அடுத்து மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கடல் கடந்து மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காடு வழியாக நடந்தே கண்டிச் சீமைக்குப் போன காலம் அது. வழியில் பசியாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள் ஏராளம். தோட்டத்தில் கங்காணி கணக்குத் தீர்த்தபோது கைக்கு வந்த சில்லறையில் இந்தக் காசும் இருந்திருக்கும்.

ஆனால் அந்த மக்களோடும், அரிசி வணிகத்தோடும் இந்திய ரூபாயும் இலங்கைக்குள் வந்து நிறைந்தது. பிரிட்டிஷ் வெள்ளி மெல்ல ஒதுங்கியது. 1862க்குப் பிறகு ஒன்றரைப் பென்ஸைப் புழக்கத்துக்கு அடிக்கவில்லை. 1870 என்று ஆண்டு போட்ட காசு ஒன்று உண்டு, அது மாதிரிக்காக மட்டும் செய்த மெருகுக் காசு. 1872 முதல் இலங்கையின் கணக்கு ரூபாயும் சதமும் என்று மாறிவிட்டது.

படி 5: எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது

வில்லியம் காசுக்கு 1834, விக்டோரியா காசுக்கு 1839 அல்லது 1843. இவை எளிதில் கிடைக்கும். 1837ஐத் தேட வேண்டும், வரிசையில் கடினமானது அதுதான். 1840உம் அடிக்கடி கண்ணில் படாது. இந்த இரண்டு ஆண்டும் மலிவாகக் கிடைத்தால் கடைசி இலக்கத்தை லென்ஸில் வைத்து ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். யாராவது சுரண்டி மாற்றியிருந்தால் இலக்கத்தைச் சுற்றிய பரப்பு மற்ற இடத்தைப்போல் இருக்காது.

இலக்கத்தின் மேல் இலக்கம் அடித்த காசுகளும் உண்டு. 1835இல் 5க்கு அடியில் 4 தெரியும் ஒன்று, 1843இல் 43க்கு அடியில் 34 தெரியும் ஒன்று. இரண்டாவது கண்ணில் பட்டால் எனக்கு இன்றும் உற்சாகம்தான். வியாபாரிகள் பலர் இதைக் கவனிப்பதில்லை, சாதாரண 1843 விலைக்கே கிடைக்கலாம்.

படி 6: வாங்கும்போது

பட்டியல் நூலில் இலங்கைப் பகுதியில் தேடி, கிடைக்கவில்லையே என்று திகைக்காதீர்கள். ஊர்ப் பெயர் இல்லாததால் இதைப் பெரும்பாலும் பிரிட்டன் பகுதியில்தான் சேர்த்திருப்பார்கள்.

'சிலோன் காசு, அபூர்வம்' என்று யாராவது விலையை ஏற்றினால் ஒரே கேள்வி கேளுங்கள்: எதை வைத்துச் சிலோன் என்கிறீர்கள்? ஒரு தனிக் காசைப் பார்த்து அது கொழும்புக்குப் போனதா ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போனதா என்று சொல்ல வழியே இல்லை. எனவே ஆண்டுக்கும் நிலைக்கும் மட்டும் பணம் கொடுங்கள், கதைக்குக் கொடுக்காதீர்கள்.

துளையிட்ட காசுகள் நிறைய வரும். சின்ன வெள்ளிக்காசை நூலில் கோத்தும் நகையில் பதித்தும் போடும் வழக்கம் எங்கும் இருந்தது. துளை விழுந்தால் சந்தை விலை பாதிக்கும் கீழே போகும். துளையை ஈயம் வைத்து அடைத்து விற்பவர்களும் உண்டு. கிரீடத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டிய இடத்தை லென்ஸில் பாருங்கள், நிறம் மாறியிருக்கும். என்னைக் கேட்டால், மறைக்காமல் சொல்லி விற்கிற துளைக்காசை வாங்குவதில் தவறில்லை. யாரோ கழுத்தில் போட்டுக்கொண்ட காசு அது.

படி 7: தேய்க்காதீர்கள்

நம் வீட்டில் வெள்ளிச் சாமான் கறுத்தால் கை தானாக விபூதிக்கோ புளிக்கோ பற்பசைக்கோ போகும். குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் சரி, காசுக்கு வேண்டவே வேண்டாம். 0.71 கிராம் காசில் படம் நிற்பது மயிரிழை உயரத்தில். ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் வையன் செதுக்கிய கூந்தல் போய்விடும், மேலெல்லாம் கீறல் விழும். கறுப்பு அப்படியே இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தூய அசிட்டோனில் கொஞ்ச நேரம் போட்டு, எடுத்துத் தானாக உலரவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

மெத்தென்று வளையும் பிவிசி உறைகளில் வைக்காதீர்கள். நாளாக நாளாகப் பச்சைப் பிசின் படியும். மைலார் என்ற தெளிவான படலத்தில் ஜன்னல் உள்ள அட்டை ஹோல்டரே போதும். கடலோர ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். அட்டையில் பின் அடிக்கும்போது பின்னின் முனை காசைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: சட்டம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். இந்த வரிசையில் உள்ள எல்லாக் காசும் அதற்குள் அடங்கும். ஆகவே வெளிநாட்டு நண்பர் கேட்டார் என்று தபாலில் அனுப்பிவிடாதீர்கள், தனியார் அனுப்புவதற்குத் தடை இருக்கிறது. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த புதையல் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

படி 9: அடுத்து எங்கே

ஒன்றரைப் பென்ஸ் நான்கைந்து சேர்ந்ததும் அதே பையில் கிடந்த செம்புக்காசுகளைத் தேடுங்கள். இலங்கைக்கென்றே அரை ஃபார்திங் 1828இல் வந்தது. கால் ஃபார்திங் 1839இலும், பிறகு 1851, 1852, 1853இலும் வந்தது. ஃபார்திங் என்பது ஒரு பென்ஸில் கால்பங்கு. ஆகவே ஒரு ஒன்றரைப் பென்ஸுக்கு 12 அரை ஃபார்திங் அல்லது 24 கால் ஃபார்திங். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் அன்றைய சந்தைச் சில்லறை கண்முன் வந்துவிடும்.

வெள்ளியிலேயே போக விரும்பினால் 1834 முதல் 1844 வரையான மூன்று பென்ஸ் இருக்கிறது. அதையும் முதலில் காலனிகளுக்கென்றே அடித்தார்கள், 1845இல்தான் பிரிட்டனுக்குள் புழங்கவிட்டார்கள். பிரிட்டிஷ் கயானாவுக்காக 1888இல் அடித்த நான்கு பென்ஸ் ஒரே ஒரு ஆண்டுக் காசு. இவை எல்லாவற்றுக்கும் முன்னோடி, நங்கூரம் பொறித்த 1820, 1822ஆம் ஆண்டுக் காசுகள். மொரிஷியஸுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனவை. டாலரில் பதினாறில் ஒரு பங்குதான் அதில் மிகச் சிறியது. அவற்றில் மட்டும் காலனிக் காசு என்று லத்தீனில் வெளிப்படையாகப் பொறித்திருக்கிறார்கள்.